நெஞ்சறுவையில் இரட்டைக் குழாய்: பொருத்தும் கருவிகளின் வரலாறும் ஒப்பீடும்

ஒரு நுரையீரலில் அறுவை நடக்கும்போது அது காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்க வேண்டும். மற்றொன்று உடல் முழுவதற்கும் மூச்சு விட வேண்டும். இதற்காக மயக்க மருத்துவர் பொருத்துவதுதான் இரட்டைக் குழாய். அதன் ஒரு வழி மூச்சுக்குழலிலும் மற்றொரு வழி இடது அல்லது வலது கிளைக்குழலிலும் திறக்கும். சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நெஞ்சில் சீழ் கட்டியவர்களையும் நுரையீரல் கட்டி வந்தவர்களையும் மதுரைக்கு அழைத்துப் போவது பழகிப்போன ஒன்று. சிவகங்கையில் 2012-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், இத்தகைய சிகிச்சை மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. அதற்கு எந்தக் கருவி முதலில் தேவை என்பதைக் கருவிகளின் வரலாற்றிலிருந்தே இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழகத்தில் நெஞ்சறுவை காசநோயின் நெருக்கடியிலிருந்து பிறந்தது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோய் நிலையத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவும்தான் அன்று பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைத்த மருத்துவம். வேலூர் சி.எம்.சி.யில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1949-இல் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல் துறை. அன்றைய அறுவையில் பெரிய அச்சம், நோயுற்ற நுரையீரலின் சீழும் இரத்தமும் நல்ல நுரையீரலுக்குள் வழிந்துவிடுவது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே அந்த ஆபத்து தொடங்கிவிடும்.

இரு நுரையீரல்களையும் பிரிக்கும் முயற்சியில், மருத்துவர்கள் கேல், வாட்டர்ஸ் இருவரும் 1931-இல் ஒரே குழாயை ஒரு கிளைக்குள் செலுத்தி மறுபக்கத்தை ஒதுக்கிக் காட்டியிருந்தனர். ஸ்டாக்ஹோமில் எரிக் கார்லென்ஸ் தம் இரட்டைக் குழாயை வெளியிட்டதும் வேலூரில் துறை தொடங்கிய அதே 1949-இல்தான். இரு நுரையீரல்களின் திறனைத் தனித்தனியே அளக்கவே அவர் அதைச் செய்தார். அடுத்த ஆண்டே அது அறுவைக்கும் வந்தது. குழல் பிரியும் முனையில் மாட்டுவதற்கு அதில் ஒரு கொக்கி இருந்தது. குரல்நாண்களைக் கடக்கும்போது அந்தக் கொக்கியே காயம் செய்தது. ராபர்ட்ஷா 1962-இல் கொக்கியை நீக்கி உள்வழிகளை அகலப்படுத்தினார். குழாய் செய்யப் பயன்பட்ட சிவப்பு ரப்பரின் இடத்தைப் பின்னாளில் பி.வி.சி. பிளாஸ்டிக் பிடித்தது.

சென்னையில் 1956-இல் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் நிலையத்தில் தங்கியவர்களைப் போலவே குணமாவதை 1959-இல் மெய்ப்பித்தது. உலகத்துக்கே வழிகாட்டிய ஆய்வு அது.  மருந்துகள் வலுப்பெறக் காசநோய்க்கான அறுவை குறைந்தது. புற்றுநோயும் சீழ் நோயும் நெஞ்சறுவையைத் தொடர்ந்து தேவையாக்கின.

குழாயைச் செலுத்த நெடுங்காலம் துணைநின்றது 1943-இல் ஆக்ஸ்போர்டில் மக்கின்டாஷ் வடித்த, குரல்வளையைக் காட்டும் வளைந்த லாரிங்கோஸ்கோப். சாதாரணக் குழாய்க்கு அது போதும். இரட்டைக் குழாய் தடிமனானது: 39 எண் குழாயின் வெளி விட்டம் 13 மி.மீ. விறைப்பானது, இரண்டு வளைவு கொண்டது. குரல்நாணைத் தாண்டியதும் இடதுபக்கக் குழாயை 90 பாகை இடப்புறம் திருப்ப வேண்டும். அதன்பின் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருபக்கத்தை அடைத்து ஸ்டெத்தோஸ்கோப்பால் கேட்டுத்தான் இடத்தை ஊகித்தார்கள். அந்த ஊகம் எவ்வளவு பலவீனமானது என்பதை 1998-இல் 200 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கேட்டுச் சரி என்று முடிவு செய்த குழாய்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இடம் மாறியிருந்ததை, மூச்சுக்கிளைகளுக்குள் நுழைந்து காட்டும் பிராங்கோஸ்கோப் கண்டுபிடித்தது. இந்த எண்ணை நான் மிகக் கனமானதாகக் கருதுகிறேன். வலது மேல்மடலின் கிளை, குழல் பிரியும் இடத்திலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ.யிலேயே தொடங்கிவிடுகிறது; வலப்பக்கக் குழாய் சற்றே நகர்ந்தாலும் அந்த மடல் அடைபட்டுவிடும். இடது கிளைக்கு ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் இருப்பதால்தான் இடதுபக்கக் குழாயையே பெரும்பாலும் தேர்கிறார்கள்.

பிராங்கோஸ்கோப்பின் பின்னணியில் ஓர் இந்தியர் இருக்கிறார். கண்ணாடி இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று நரிந்தர் சிங் கபானி 1954-இல் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து காட்டினார். அதை நுரையீரலுக்குள் கொண்டுசென்றவர் 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா.

வீடியோ லாரிங்கோஸ்கோப் 2001-இல் கிளைட்ஸ்கோப்புடன் பரவத் தொடங்கியது. இரட்டைக் குழாய்க்கு அது மக்கின்டாஷை விட மேலா? தைவானில் 2012-இல் வெளிவந்த சோதனை, குழாய் விரைவாக உள்ளே சென்றதாகச் சொன்னது. கனடாவில் 2013-இல் வெளிவந்தது நேரம் கூடியதாகச் சொன்னது. வீடியோ கருவியின் வளைவு கூடிய அலகு குரல்வளையைத் தெளிவாகக் காட்டும். அந்த வளைவைச் சுற்றி விறைத்த குழாயைக் கொண்டுபோவதுதான் கடினம். கையின் பழக்கமே நேரத்தை முடிவுசெய்கிறது என்பதே இம்முரண்பாட்டுக்கு என் விளக்கம். பல சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வு, வீடியோ கருவியால் முதல் முயற்சி வெற்றி கூடுவதையும் வாய்க்காயம் குறைவதையும் கண்டது. கூடவே, குழாய் தவறான இடத்தில் அமைவது அதிகம் என்றும் கண்டது. குரல்வளையைக் காட்டும் கருவி கிளைக்குழலைக் காட்டாது. கேமரா பதித்த இரட்டைக் குழாய் இக்குறையைத் தீர்க்கும். ஆனால் விலை அதிகம். வாய் திறக்க முடியாதவர்களுக்குச் சாதாரணக் குழாய் வழியே செலுத்தி ஒரு கிளைக்குழலை மூடும் அடைப்பான் பாதுகாப்பானது. நுரையீரல் சுருங்கத்தான் தாமதமாகும்.

ஆகவே என் முடிவு இது. மக்கின்டாஷில் தேர்ந்த கை இருந்தால் உள்ளே செலுத்த அதுவே போதும். கடினமான தொண்டைக்கு வீடியோ கருவி பக்கத்தில் இருக்கட்டும். குழாய் அமைந்த இடத்தைக் கண்ணால் சரிபார்க்கும் வேலைக்கு மாற்று இல்லை. நோயாளியை ஒருக்களித்தபின் அதை மறுபடியும் செய்ய வேண்டும். நெஞ்சறுவை தொடங்க விரும்பும் மாவட்ட மருத்துவமனைகள், கொள்முதல் பட்டியலில் புதிய வீடியோ கருவிக்கு முன்பாக, இரட்டைக் குழாய்க்குள் நுழையும் மெல்லிய பிராங்கோஸ்கோப்பையும் அதைக் கையாளும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும்.