தேயிலைத் திருட்டு: செடியும் கையும்

பச்சைத் தேயிலை ஒரு செடி, கறுப்புத் தேயிலை வேற செடி. ஐரோப்பா ரொம்ப காலம் இப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தது. தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே 1762-இல் வந்த பதிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருக்கிறார். கப்பல் கப்பலா வாங்கிக் குடிக்கிறாங்க, ஆனா எந்தச் செடியிலிருந்து வருதுன்னு தெரியாது!

காரணம் எளிது. 1757-லிருந்து 1842 வரை மேற்கத்தியக் கப்பல்கள் சீனாவில் கான்டன் துறைமுகத்தில் மட்டும்தான் வியாபாரம் செய்யலாம். அதுவும் அரசு அனுமதித்த வணிகர்கள் வழியாக மட்டும். தேயிலை விளையும் மலைகளோ உள்நாட்டில் வெகுதூரத்தில். வாங்குகிறவன் கண்ணில் பட்டதெல்லாம் பெட்டிதான், தோட்டம் இல்லை.

தேயிலைக்கு விலையாக வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க பிரிட்டனுக்கு மனசில்லை. வங்காளத்து அபினை சீனாவுக்குள் தள்ளியது, அது போரில் முடிந்தது. 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஐந்து துறைமுகங்கள் திறந்தன. ஆனாலும் துறைமுக ஊரைத் தாண்டி உள்ளே போக வெளிநாட்டவருக்கு அனுமதி கிடையாது.

இந்த இடத்தில்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் வருகிறார். ஸ்காட்லாந்துக்காரர், தோட்டக்கலை நிபுணர். 1843-இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் செடி சேகரிக்க முதல்முறை சீனா போனபோதே, பச்சைக்கும் கறுப்புக்கும் செடி ஒண்ணுதான்னு கண்டுபிடித்துவிட்டார். வித்தியாசமெல்லாம் பக்குவத்தில். பறித்த இலையைச் சீக்கிரமே சூடான இரும்புச் சட்டியில் போட்டு வாட்டினால் பச்சை அப்படியே நிற்கும். வதங்கவிட்டு, உருட்டி, காற்றுப்பட வைத்தால், நறுக்கி வெச்ச வாழைக்காய் மாதிரி கறுத்துப்போகும். பாதியில் நிறுத்தினால் ஊலாங். இன்னொரு வேடிக்கை: ஆங்கிலேயர் 'கறுப்பு' என்று சொல்லும் தேநீரைச் சீனர்கள் 'சிவப்புத் தேநீர்' என்கிறார்கள். இவங்க இலையைப் பார்த்துப் பேர் வெச்சாங்க, அவங்க கோப்பையில் இருக்கிற சாயத்தைப் பார்த்து.

1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை வருஷத்துக்கு 500 பவுண்ட் சம்பளத்தில் மறுபடியும் அனுப்பியது. சீன வணிகத்தில் கம்பெனிக்கிருந்த ஏகபோகத்தை 1833 சட்டம் பறித்துவிட்டது. இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்கு நல்ல செடியும் விதையும் ஆட்களும் வேணும், இதுதான் வேலை. தலையை மழித்து, பின்னல் வைத்துக்கொண்டு, சீன உடையில் உள்நாட்டுக்குள் போனார். யாராவது கேட்டால் பெருஞ்சுவருக்கு அப்பால் ஏதோ தூர மாகாணத்துக்காரர் என்று சொல்லிச் சமாளித்தார்களாம்.

பச்சைத் தேயிலை செய்யும் இடத்தில் அவர் பார்த்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த கட்டம். வேலையாட்களின் கையெல்லாம் நீலமாக இருந்தது. ஏற்றுமதித் தேயிலை பார்க்க நன்றாக இருக்கணும்னு பிரஷ்யன் நீலமும் ஜிப்சமும் கலந்துகொண்டிருந்தார்கள். நூறு பவுண்ட் தேயிலைக்கு அரை பவுண்டுக்கு மேல் சாயம் என்று கணக்குப் போட்டார். சீனர்கள் அதைக் குடிப்பதில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு அந்த நிறம்தான் பிடிக்குது, அதனால கலக்கிறோம், அவ்வளவுதான். அந்தச் சாயத்தின் மாதிரிகள் 1851 லண்டன் மகா கண்காட்சி வரைக்கும் போய்ச் சேர்ந்தன.

செடியைக் கடத்த நத்தானியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டி உதவியது. மூடிய பெட்டிக்குள் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, திரும்ப மண்ணிலேயே இறங்கும். கடல் உப்புக்காற்று உள்ளே போகாது. தேயிலை விதை சீக்கிரம் முளைக்கும் திறனை இழந்துவிடும். அதனால் ஃபார்ச்சூன் விதைகளைப் பெட்டிக்குள்ளேயே மண்ணில் தூவி அனுப்பினார், பயணத்திலேயே முளைவிட்டன. 1851-இல் ஆயிரக்கணக்கான செடிகளோடு, தேயிலைப் பக்குவம் தெரிந்த சீனத் தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு இந்தியா வந்தார். பெட்டிக்கு ஈயத்தகடு அடிப்பவர்களும் அதில் அடக்கம்.

இதோடு முடித்து, 'இந்தியத் தேயிலை பிறந்த கதை' என்று பரப்புவது வழக்கம். ஆனா தேதிகளை வரிசையா வெச்சுப் பாருங்க, அது ஒத்துவராது. அசாமில் தேயிலை இயற்கையாகவே வளர்ந்தது. 1823-இல் சிங்ஃபோ தலைவர் ஒருவர் மூலம் ராபர்ட் புரூஸுக்கு அது தெரியவந்தது. 1834-இல் தேயிலைக் கமிட்டி அமைந்தது. சீனத் தொழிலாளர்களை வரவழைத்துப் பக்குவம் கற்றுக்கொண்டார்கள். 1839 ஜனவரியில் அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது. டார்ஜிலிங்கில் கேம்பல் 1841-இலேயே சீனவகைத் தேயிலையை நட்டுவிட்டார். இதெல்லாம் ஃபார்ச்சூன் வேஷம் போடுவதற்கு முன்னால்.

ரெண்டு தடவையும் செடியோ விதையோ மட்டும் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். எப்போது உருட்டணும், எப்போது நிறுத்தணும் என்று தெரிந்த ஆள் தேவைப்பட்டான். தொழில்நுட்பச் செய்திகள் படிக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். இன்றைக்கும் வரைபடத்தைவிட பொறியாளரைத் தூக்கிக்கொண்டு போவதில்தான் போட்டி. 1789-இல் சாமுவேல் ஸ்லேட்டர் பிரிட்டனின் நூற்பு இயந்திர நுட்பத்தை மனசிலேயே வைத்துக்கொண்டு அமெரிக்கா போனார். தொழில் தெரிந்தவர்கள் வெளியேறுவதைத் தடைசெய்திருந்த பிரிட்டனுக்கு அவர் துரோகி, அமெரிக்காவுக்குத் தொழில்துறையின் தந்தை. திருட்டா, அறிவுப் பரவலா என்பது எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இன்னொண்ணு. ரகசியம் தெரிந்ததால் மட்டும் சீனா தோற்கவில்லை. சீனத் தேயிலை சிறுவிவசாயிகளின் கைவேலை. இந்தியாவிலும் இலங்கையிலும் பெருந்தோட்டம், உருட்டும் இயந்திரம், கூடவே மலிவான, கட்டுப்பட்ட உழைப்பு. ஓடிப்போன கூலியைத் தோட்டக்காரரே பிடித்துவைக்க 1865-இல் வங்காள அரசு சட்டமே போட்டது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-இல் வந்த இலைத்துரு நோயில் காப்பி அழிய, மலையெல்லாம் தேயிலையானது. கொழுந்து பறித்தது தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் சந்தையில் சீனா பின்னுக்குப் போய்விட்டது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் வாரிசுகளில் பெரும்பாலானோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

இதனால்தான் வேஷம் போட்ட ஃபார்ச்சூனை மட்டும் நாயகனாகவோ திருடனாகவோ வைத்துச் சொல்லும் கதை எனக்கு ஒப்பவில்லை. அவர் பயணநூல் எழுதினார், 1852-இல் வெளிவந்தது. அவரோடு கப்பலேறிய சீனர்களும், அசாம் கூலிகளும், மலையகத்துப் பெண்களும் அப்படி எழுதிவைக்கவில்லை.

தேயிலை என்ற சொல்லில் இருக்கும் 'தே' தென்சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து, ஐரோப்பிய வியாபாரிகள் வழியாக நமக்கு வந்தது. இலங்கையில் இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த குறிப்பில் அந்தச் சொல் வந்த வழியையும், 'சாய்' தரைவழியாகப் போன கதையையும் எழுதுகிறேன்.