காசநோயும் சுண்டிய காசும்

சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கு அடுத்து ஒரு ஸ்டேஷன் வரும். பெயர், தாம்பரம் சானடோரியம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்குகிற இடம். ஆனால், ‘சானடோரியம்னா என்ன?’ என்று ஒரு காலேஜ் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்டேஷன் பேரு சார்!’ என்று பதில் வந்தாலும் ஆச்சரியமில்லை!

காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி சிகிச்சை பெறும் இடம்தான் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பகுதிக்கே பெயராகிவிட்டது. டி.பி. என்றாலே குடும்பம் நடுங்கிய காலம் அது. மருந்து கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, படுக்கையில் முழு ஓய்வு... அவ்வளவுதான் வைத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மானிய டாக்டர் ஒரு மலைப்பகுதியில் தொடங்கிவைத்த இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. வசதி இருந்தவர்கள் ஸ்விட்சர்லாந்துக்கே போனார்கள். நேருவின் மனைவி கமலா நேரு, காசநோய்க்கு அங்கே சிகிச்சை பெற்றபோதுதான் 1936-ல் லோசானில் காலமானார்.

சரி, சானடோரியத்துக்குப் போனவர்கள் பிழைத்தார்களா? பலர் பிழைத்தார்கள். அப்படியென்றால் பிழைக்க வைத்தது சானடோரியம்தானா?

இந்த இடத்தில்தான் காலம்காலமாக டாக்டர்களின் கால் இடறியது. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. வாஸ்தவம். ஆனால், பழம் விழுந்தது காக்கையாலா? அது பழுத்து, தானே விழ இருந்த பழமாகவும் இருக்கலாமே? காசநோயும் கொஞ்சம் அப்படித்தான். எந்த மருந்தும் இல்லாமலே ஒரு பகுதியினருக்குத் தானாகக் குணமாகிவிடும். தவிர, சானடோரியத்துக்குப் போனவர்கள் யார்? பெரும்பாலும் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தவர்கள். தேறுவார்கள் என்று டாக்டரே பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். போகாதவர்கள்? குடிசையில் இருமிக்கொண்டே கூலி வேலை பார்த்தவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் நிறுத்தி ‘பார், சானடோரியத்தின் மகிமை!’ என்றால் எப்படி? குதிரையையும் நொண்டிக் கழுதையையும் ஓடவிட்டு, ஜெயித்ததற்குச் சேணம்தான் காரணம் என்று சொன்ன கதை!

இந்தக் குழப்பத்தில் தங்கமும் வந்து சேர்ந்தது. 1924-ல் டென்மார்க்கைச் சேர்ந்த மோல்கார்ட் என்ற பேராசிரியர், தங்கத்தின் உப்பு ஒன்றை ஊசியாகப் போட்டால் காசநோய் தீரும் என்று அறிவித்தார். நம்மூர் தங்க பஸ்பத்துக்கு ஐரோப்பிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். டாக்டர்கள் ஊசியும் கையுமாகப் புறப்பட்டுவிட்டார்கள். ‘என் நோயாளி தேறிவிட்டார்!’, ‘என் நோயாளியும்தான்!’ என்று ஒரே சந்தோஷம்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து டாக்டர்கள் சிலருக்கு மட்டும் சந்தேகம். ஆம்பர்சனும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். 24 நோயாளிகளை, நோயின் தீவிரத்தைப் பார்த்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, பன்னிரண்டு பேராக இரண்டு கோஷ்டி ஆக்கினார்கள். எந்தக் கோஷ்டிக்குத் தங்க ஊசி? ‘நாமே முடிவு செய்தால் நம் ஆசை உள்ளே புகுந்துவிடும்’ என்று, ஒரு காசை எடுத்துச் சுண்டினார்கள். பூவா, தலையா! தோற்ற கோஷ்டிக்கு வெறும் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. 1931-ல் முடிவை வெளியிட்டார்கள். தங்கத்தால் நன்மை எதுவும் தெரியவில்லை, பக்கவிளைவுகள்தான் மிச்சம்!

பெரிய பெரிய நிபுணர்களின் அனுபவத்தை ஒரு சில்லறைக் காசு கவிழ்த்துவிட்டது. ஆனாலும் உலகம் உடனே திருந்திவிடவில்லை. தங்க ஊசி இன்னும் சில வருஷங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த காட்சி லண்டன். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்பவரை அறிமுகம் செய்ய வேண்டும். அப்பா மருத்துவ விஞ்ஞானி. பையனுக்கும் டாக்டராக ஆசை. முதல் உலகப்போர் குறுக்கே வந்தது. விமானப்படையில் சேர்ந்து கிழக்கே போனவர், காசநோயோடு திரும்பினார். பிழைக்க மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வருஷக்கணக்கில் படுக்கை. மருத்துவப் படிப்பு போச்சு! படுக்கையில் இருந்தபடியே தபால் வழியில் பொருளாதாரம் படித்து, 1922-ல் பட்டம் வாங்கி, புள்ளிவிவரத் துறைக்குள் நுழைந்தார். டாக்டராக முடியாத இந்த மனிதர்தான், டாக்டர்களுக்கு உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்.

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியை அடிக்கும் மருந்து. போர் முடிந்து ஓட்டாண்டியாகி நின்ற பிரிட்டனுக்கு அந்த மருந்து கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோருக்கும் போதாது. ‘எப்படியும் பாதிப் பேருக்குக் கொடுக்க முடியாது. யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால் என்ன?’ என்று கேட்டது, ஹில் இடம்பெற்றிருந்த ஆராய்ச்சிக் குழு.

ஹில் இதில் ஒரு நுட்பம் வைத்தார். அதுவரை சில ஆராய்ச்சிகளில் ‘முதல் ஆளுக்கு மருந்து, அடுத்தவருக்கு இல்லை’ என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அதில் ஓர் ஓட்டை. அடுத்த முறை மருந்து என்று டாக்டருக்கு முன்பே தெரியும். எதிரே ஒரு இளம்பெண் இருமிக்கொண்டு நிற்கிறாள். ‘பாவம், இந்தப் பெண்ணை நாளைக்கு வரச் சொல்லிவிடலாம்’ என்று மனசு இளகும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கருணைதான். அந்தக் கருணைதான் கணக்கைக் கெடுத்துவிடும்! அதனால் சீட்டுகளை உறைக்குள் போட்டு ஒட்டி, நம்பர் மட்டும் எழுதிவைத்தார் ஹில். நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். எக்ஸ்-ரே படத்தைப் பார்த்து மார்க் போடுகிறவர்களுக்கும் அது எந்தக் கோஷ்டியின் படம் என்று தெரியாது.

மொத்தம் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்... மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். 1948 அக்டோபரில் இது வெளியானபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால், மேலும் ஒரு சங்கதியும் அதே ஆராய்ச்சியில் வெளிவந்தது. பல நோயாளிகளின் உடம்பில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது! ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது இரண்டு கோஷ்டியிலுமே பாதிக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள். தனி மருந்து போதாது, கூடவே இன்னொன்றும் வேண்டும் என்று அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். பி.ஏ.எஸ். என்ற மருந்து கூட்டு சேர்ந்தது. 1952-ல் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்துவிட்டது.

இப்போது வண்டியை மெட்ராஸுக்குத் திருப்பலாம். காரணம், சானடோரியத்தின் தலையெழுத்தை எழுதிய பரீட்சை நடந்தது இங்கேதான்.

ஐம்பதுகளில் இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில். காசநோய்க்கான ஆஸ்பத்திரிப் படுக்கைகளோ வெறும் ஆயிரங்களில். எல்லோருக்கும் சானடோரியம் கட்டுவதென்றால் நூறு ஐந்தாண்டுத் திட்டம் போட்டாலும் நடக்காது! மாத்திரைதான் வந்துவிட்டதே, வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன? ‘ஐயோ, கூடாது’ என்றது பழைய அனுபவம். ‘வீட்டில் சத்தான சாப்பாடு இல்லை. ஓய்வு இல்லை. ஒரே ரூமில் பத்துப் பேர். குழந்தைகளுக்கெல்லாம் தொற்றிவிடும்!’ கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா?

கேட்டு முடிவு செய்யாமல் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் நோயாளிகளின் ஐந்து வருஷக் கணக்கை எடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். மறுபடியும் குலுக்கல். சீட்டு எப்படி விழுந்ததோ அப்படி, ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி அவரவர் வீட்டிலேயே. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷத்துக்கு. சானடோரியத்தில் வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ கஞ்சி, நெரிசல், கொஞ்சம் தேறியதும் வேலை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்க, திடீர் திடீரென்று வீட்டுக்கே ஆள் போகும். சிறுநீரைப் பரிசோதிப்பார்கள், மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. வருஷக் கடைசியில் சளியில் கிருமி அடங்கிப்போனவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில்? நூற்றுக்கு 86 பேர்!

‘ஆறு பேர் குறைகிறதே!’ என்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு காசை நீங்கள் நூறு தடவை சுண்டுங்கள், நானும் சுண்டுகிறேன். எனக்கு 53 தலை, உங்களுக்கு 47 விழலாம். என் காசு உசத்தி என்று அர்த்தமா? கிடையாது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஆறு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்பது புள்ளியியலின் தீர்ப்பு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் ஏறியது உண்மை. ஆனால், கிருமியை ஒழித்தது எடை அல்ல, மாத்திரை!

அதைவிடப் பெரிய செய்தி, குழந்தைகளைப் பற்றியது. வீட்டிலேயே இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தும் அதே கதைதான். ஏன்? தொற்ற வேண்டியது, நோயாளி டாக்டரிடம் வருவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் அவர் பரப்புவது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தைக்காரியை ஒரு வருஷம் பிரித்து வைக்க வேண்டாம். சம்பாதிக்கிற ஒரே ஆளைப் படுக்கையில் போட்டுவிட்டுக் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டாம். படுக்கை காலியாகட்டும் என்று காத்திருந்தே சாக வேண்டாம். வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிடும் முறை, ஏழை நாடுகளில் தொடங்கி உலகம் முழுவதும் பரவியது. பணக்கார நாடுகளின் சானடோரியங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சேத்துப்பட்டு மையம் 1978-ல் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011-ல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது.

குலுக்கல் அப்படி என்ன மாயம் செய்கிறது? ஏழை, பணக்காரர், முற்றிய நோய், இளம் நோய் என்று நமக்குத் தெரிந்த வித்தியாசங்களைக் கணக்கு போட்டே சரிக்கட்டிவிடலாம். ரத்தத்தில், பரம்பரையில், மனசில் ஒளிந்திருக்கும் தெரியாத வித்தியாசங்களை எப்படிச் சரிக்கட்டுவது? குலுக்கல் ஆளைப் பார்ப்பதில்லை. அதனால், தெரிந்தது தெரியாதது எல்லாமே இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய்விடும். கடைசியில் வித்தியாசம் வந்தால், அதற்கு சிகிச்சைதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் ஒன்று... குலுக்கல் தருவது, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். ‘மாத்திரை சாப்பிடுகிற நோயாளி குணமாக, விசேஷ சாப்பாடு அவசியமா?’ என்று மெட்ராஸ் கேட்டது. ‘அவசியமில்லை’ என்று பதில் வந்தது. அதையே ‘காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று நீட்டிவிடுவது சுலபம். அறுபது சொச்சம் வருஷங்கள் கழித்து ஜார்க்கண்டில் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். ‘நோயாளியின் குடும்பத்துக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால், அவர்களுக்கு நோய் வராமல் தடுக்கலாமா?’ இந்தத் தடவை குலுக்கிப் போட்டது தனித்தனி ஆட்களை அல்ல, 28 வட்டாரங்களை. 2,800 நோயாளிகள், அவர்களின் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேல். நோயாளிகளுக்கு எல்லா இடத்திலும் உணவு உண்டு. குடும்பத்தாருக்குப் பாதி வட்டாரங்களில் மட்டும். 2023-ல் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்திருந்தது!

மெட்ராஸ் சொன்னதும் சரி, ஜார்க்கண்ட் சொன்னதும் சரி. நோயாளியைக் குணப்படுத்துவது மாத்திரை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் பிள்ளையைக் காப்பாற்றுவதில் பருப்புக்கும் பங்கு உண்டு. ‘எங்க பெரியப்பாவுக்கு இதிலேதான் குணமாச்சு’ என்று அடுத்த தடவை யாராவது ஒரு சூரணத்தை நீட்டினால், கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்... ‘அதைச் சாப்பிடாத பெரியப்பாக்கள் என்ன ஆனாங்க?’