எலிப்டிக்கல்: தரையில் மோதாத ஓட்டம்

ஜிம்மில் ஓடுவது போலவும் சைக்கிள் மிதிப்பது போலவும் தெரியும் எந்திரத்துக்கு எலிப்டிக்கல் என்று பெயர். அதில் பாதம் போகும் பாதை நீள்வட்டம். 1609-ல் கெப்ளர் செவ்வாய்க்குச் சொன்னாரே, கிட்டத்தட்ட அதே வடிவம்தான்!

இதன் கதை அமெரிக்காவில், ஓட்ட மோகத்தில் தொடங்குகிறது. 1968-ல் விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றார். அந்தப் பத்தாண்டில் லட்சக்கணக்கானோர் தெருவில் ஓட ஆரம்பித்தார்கள். இதயத்துக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நல்ல முழங்கால் அதைத் தாங்கிவிடும், ஏற்கெனவே அடிபட்ட முழங்கால் என்ன செய்யும்?

ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய பொறியாளர் லாரி மில்லர், காருக்குப் பக்கத்தில் மகளை ஓடவிட்டுப் படம் பிடித்தாராம். பாதம் போகும் வழியை அதிலிருந்து வரைந்து, அதே வழியில் நகரும் மிதிகளை அமைத்தார். 1995-ல் பிரிகோர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சூட்சுமம் ஒன்றுதான்: பாதம் மிதியை விட்டு எழும்புவதில்லை, அதனால் தரையில் வந்து மோதுவதும் இல்லை. ஆனால் எடையைக் கால்கள்தான் தாங்க வேண்டும். பலர் கைப்பிடியில் சாய்ந்து தொங்கிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். அப்போது பாதி வேலையைக் கைப்பிடி பார்த்துக்கொள்கிறது, முதுகும் வலிக்கிறது! நிமிர்ந்து நின்று, முழுப் பாதத்தையும் பதித்து, கைப்பிடியை லேசாகப் பிடித்தால் போதும். எதிர்ப்பை மிகக் குறைத்து வைத்தாலும் பயனில்லை. உள்ளே சுழலும் கனமான சக்கரமே காலை இழுத்துக்கொண்டு போய்விடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விபத்து பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அசையாத கைப்பிடியைப் பிடித்து, தாழ்ந்திருக்கும் மிதியில் முதலில் கால் வைக்க வேண்டும். இறங்கும்போது சக்கரம் முழுதாக நின்றிருக்க வேண்டும். ஒரு மிதியிலிருந்து காலை எடுத்தால் மற்றது சட்டென்று கீழே போகும்.

இதிலும் ஒரு குறை உண்டு. எலும்பு உறுதிப்பட அதிர்ச்சியும் கொஞ்சம் வேண்டும். மில்லரின் எந்திரம் குறைத்தது அதைத்தான். அதனால் மூட்டு ஒத்துழைப்பவர்கள் வாரத்தில் சில நாள் தரையிலும் வேகமாக நடக்கலாம், படி ஏறலாம்.