'பத்திரமா வச்சிருக்கேன், குடு!' காணும் பொங்கல் காசு யாருக்குச் சொந்தம்? பொங்கல் பரிசால் குழந்தைகளை அசத்துவது எப்படி?

போகிக்கு முந்தைய நாள் சாயங்காலம். ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டிய கண்ணமங்கலத்தில், வேலூர் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் நிரம்பி வழியும். சென்னை, பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என வேலைக்குப் போனவர்கள் ஆளுக்கு ரெண்டு பையோடு இறங்குவார்கள். வீட்டு வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளின் பார்வை முதலில் அப்பாவின் முகத்துக்குப் போகும். அடுத்த நொடியே பைக்குப் போய்விடும். "எனக்கு என்ன வாங்கிட்டு வந்த?"

ரேஷன் கடையில் அரசு தரும் பொங்கல் பரிசு குடும்ப அட்டைக்கு. ஆனால் வீட்டுச் சின்னவர்களுக்கென்று தனியாகவே சில பொங்கல் பரிசுகள் உண்டு. அதில் முக்கியமானது, காணும் பொங்கல் அன்று பெரியவர்கள் கையில் வைக்கும் காசு. பல பிள்ளைகளுக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் 'சொந்தப் பணம்'. அன்று ராத்திரியே அது அம்மாவின் பர்ஸுக்கோ அப்பாவின் சட்டைப் பைக்கோ போய்விடுவதும் வழக்கம்.

அந்தக் காசு உண்மையில் யாருக்குச் சொந்தம்? அதை எங்கே போடலாம்? அதிகம் செலவில்லாமல் பிள்ளைகளை அசத்த என்ன வழி? பார்க்கலாம்.

பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு என்னென்ன கிடைக்கும்?

தை 1 பெரும்பாலும் ஜனவரி 14 அல்லது 15-ம் தேதி வரும். அதற்கு முந்தைய நாள் போகி. அதில் தொடங்கி நான்கு நாளும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று இருக்கும்.

போகி: சென்னையிலும் வட மாவட்டங்களிலும் போகி மேளம் இல்லாமல் போகி கிடையாது. சின்ன வட்ட மேளம், அடிக்க ஒரு குச்சி. விடிவதற்கு முன்பே பிள்ளைகள் எழுந்து தெருவில் நின்று தட்டுவார்கள். மண் வளையத்தில் தோல் ஒட்டிய மேளம் பழைய வகை. இப்போது பிளாஸ்டிக் மேளமும் விற்கிறது. ஒரு நாள் மட்டுமே உயிரோடு இருக்கும் பொம்மை என்றாலும், அந்த ஒரு நாள் சத்தத்தைப் பெரியவர்கள் ஆனபிறகும் யாரும் மறப்பதில்லை.

போகிப் பழம்: தெலுங்கு பேசும் குடும்பங்களில் போகி அன்று மாலை சின்னக் குழந்தைகளை உட்கார வைத்து, இலந்தைப் பழம், பூ, கரும்புத் துண்டு, சில்லறைக் காசு எல்லாவற்றையும் கலந்து தலைமேல் கொட்டுவார்கள். திருஷ்டி கழியும் என்பது நம்பிக்கை. சிதறும் காசைப் பொறுக்குவது சுற்றி நிற்கும் மற்ற பிள்ளைகளின் வேலை.

தைப் பொங்கல், மாட்டுப் பொங்கல்: முதல் நாள் புதுத் துணி, கரும்பு. மறுநாள் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கும் வேலை பிள்ளைகளுக்குத்தான். ஆடு, மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் ஒரு குட்டியையோ கன்றையோ காட்டி "இது உன்னோடது" என்று சொல்லும் பழக்கமும் உண்டு. காசு செலவே இல்லாத பரிசு. ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் காலையில் எழுந்ததும் ஓடுவது தொழுவத்துக்குத்தான்.

சிறுவீட்டுப் பொங்கல்: இது தென் மாவட்டங்களில், குறிப்பாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம். மார்கழி முழுக்க வாசலில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப் பூ செருகும் சிறுமிகளுக்காக, தை மாதத்தில் ஒரு குட்டி வீடு கட்டுவார்கள் அல்லது கோலமாக வரைவார்கள். அந்த வீட்டு வாசலில் சின்னப் பானையில் சிறுமிகளே பொங்கல் வைப்பார்கள். பொம்மைக்குப் பதில் ஒரு வீட்டையே பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இது.

காணும் பொங்கல் காசு: எப்படிக் கொடுப்பார்கள்?

தை 3-ம் நாளான காணும் பொங்கலை வட மாவட்டங்களின் பல ஊர்களில் 'கரிநாள்' என்றும் சொல்வார்கள். அன்று பிள்ளைகள் குளித்து, துணி மாற்றி, பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடுவார்கள். பெரியவர்கள் திருநீறோ குங்குமமோ வைத்து, "நல்லா படி, நல்லா இரு" என்று சொல்லிக் கையில் காசு வைப்பார்கள். தாத்தா வீடு, பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று ஒரு சுற்று வந்தால் பை கனத்துவிடும். சில ஊர்களில் இதைப் 'பொங்கல் இனாம்' என்பார்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தா ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து பரிசை வைத்துவிட்டுப் போவார். பிள்ளை கண் விழிக்கும்போது பரிசு மட்டும்தான் இருக்கும், கொடுத்தவர் இருக்க மாட்டார். காணும் பொங்கலில் கொடுப்பவரைப் பிள்ளை நேரில் போய்ப் பார்த்தால்தான் காசு. அதனால்தான் ஊருக்கு வர முடியாத சித்தப்பா ஜிபே-வில் 500 ரூபாய் அனுப்பினாலும், பக்கத்து வீட்டுப் பாட்டி கையில் அழுத்தும் 10 ரூபாய்க்கு இருக்கும் மதிப்பு அதற்கு வருவதில்லை.

இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும்தானா?

இல்லை. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஜப்பானில் ஜனவரி 1 புத்தாண்டுக்குக் கொடுக்கும் இந்தப் பணத்துக்கு 'ஒதொஷிதாமா' என்று பெயர். மலேசியாவில் சீனர்களிடமிருந்து இந்தப் பழக்கம் தமிழர்களுக்கும் வந்து, தீபாவளிக்கு 'அங்பாவ்' கொடுக்கிறார்கள். ரம்ஜானுக்குப் பெருநாள் காசு, கேரளத்தில் சித்திரை விஷுவுக்குக் 'கைநீட்டம்'.

எல்லா ஊரிலும் அடுத்து வரும் சண்டையும் ஒன்றுதான். "நீ சின்னப் பையன், நான் வச்சிருக்கேன்." சீனாவில் பெற்றோர் இந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட, பிள்ளைகள் நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. அந்த நாட்டுச் சட்டப்படி, பிள்ளையின் நன்மைக்காக அல்லாமல் அதன் சொத்தைப் பாதுகாவலர் செலவழிக்கக் கூடாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் போட முடியாது. ஆனால் பரிசு வாங்கவோ, பணமும் சொத்தும் சொந்தமாக வைத்திருக்கவோ தடை இல்லை. ஆக, பிள்ளையின் கையில் கொடுத்த காசு பிள்ளைக்குத்தான் சொந்தம். பெற்றோர் அதைப் பார்த்துக்கொள்பவர்கள், அவ்வளவுதான்.

இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956-ம் இதையே சொல்கிறது. பாதுகாவலர் எதைச் செய்தாலும் அது பிள்ளையின் தேவைக்காக, நன்மைக்காக இருக்க வேண்டும். மற்ற மதத்தினருக்கு 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமும் அவரவர் தனிச் சட்டமும் பொருந்தும்.

இருநூறு ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் அளவுகோல் தெளிவாக இருக்கிறது. அந்தக் காசில் நோட்டு, ஷூ வாங்கினால் அது பிள்ளைக்கான செலவு. வீட்டு டிவிக்கு ரீசார்ஜ் போட்டால், அது பிள்ளையிடம் வாங்கிய கடன்.

அம்மா கையெழுத்து செல்லுமா?

செல்லும். இதற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். பாதுகாவலராக அவர் போட்ட கையெழுத்தை ஏற்காமல், தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 'தந்தை, அவருக்குப் பிறகு தாய்' என்று சட்டத்தில் இருந்ததுதான் காரணம்.

அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1999-ல் தீர்ப்பு வந்தது. 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் பாதுகாவலராகச் செயல்படலாம் என்றது நீதிமன்றம். அப்பா வெளியூரில் வேலை பார்க்க, அம்மா தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நிறைந்த ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைக்கு வங்கிக் கணக்கு தொடங்க, அப்பா லீவு கிடைத்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காசை எங்கே போடலாம்?

• 50, 100 ரூபாய் என்றால்: மண் உண்டியல் போதும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளையே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

• மாதம் 100 ரூபாய் முடியும் என்றால்: தபால் நிலையத்தின் தொடர் வைப்புக் கணக்கு. பொங்கல் காசை முதல் தவணையாகப் போடலாம்.

• 250 ரூபாய், வீட்டில் 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை என்றால்: செல்வமகள் சேமிப்புத் திட்டம். ஜனவரி 2015-ல் தொடங்கியது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 ஆண்டுகள் கட்டினால் போதும், கணக்கு தொடங்கி 21 ஆண்டுகளில் முதிர்வு. 18 வயதானதும் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். பொதுவாக ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தொடங்கலாம்.

• 500 ரூபாய் என்றால்: தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு. 10 வயதுக்கு மேல் பிள்ளையே தன் பெயரில் தொடங்கலாம்.

• வங்கி என்றால்: 10 வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கணக்கு தொடங்கி இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஏப்ரல் 2025-ல் சொல்லியிருக்கிறது. எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். 10 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் மூலம் தொடங்கலாம். பிறப்புச் சான்று, ஆதார், போட்டோ கையில் இருக்கட்டும்.

10 ரூபாய் நாணயம் செல்லுமா?

வேலூர், திருவண்ணாமலை பக்கம் பல கடைகளில் இன்னும் "இது செல்லாது" என்பார்கள். காணும் பொங்கலுக்குக் கிடைத்த நாணயத்தோடு மிட்டாய் வாங்கப் போகும் பிள்ளைதான் ஏமாந்து திரும்பும். செல்லும் என்பதே உண்மை. 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி ஜனவரி 2018-லேயே அறிவித்துவிட்டது. ரூபாய் குறியீடு இருப்பது, இல்லாதது இரண்டுமே நல்ல காசுதான். ஆனாலும் அன்று ஒரு நாள் பிள்ளையின் முகம் வாடாமல் இருக்க, புது 10, 20 ரூபாய் நோட்டுகளை முன்கூட்டியே வங்கியில் மாற்றி வைப்பது நல்லது.

பொம்மை வாங்கினால் என்ன பார்க்கணும்?

14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஜனவரி 1, 2021 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு.

கடிகார பேட்டரி போன்ற வட்ட பேட்டரி போட்ட பொம்மை என்றால், அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டம் வாங்கித் தந்தால் சாதாரண நூல் மட்டும்தான். நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

அதிகம் செலவில்லாமல் எப்படி அசத்தலாம்?

பிள்ளை பெயருக்கே ஒரு கடிதம்: ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டை வராத வீடே இல்லை. லீவு கிடைக்காத அப்பா, பிள்ளையின் பெயரை எழுதி ஓர் அட்டை அனுப்பினால், தபால்காரர் அந்தப் பெயரைக் கூப்பிடுவதே பாதிப் பரிசு.

ஒரே அளவு: கூடியிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை. பையனுக்கு 100, பொண்ணுக்கு 50 என்ற கணக்கு வேண்டாம். தூரத்து உறவுப் பிள்ளைக்கும் அதே தொகைதான். பிள்ளைகள் இதை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஒரு பயணம்: காணும் பொங்கலுக்கு கண்ணமங்கலம் சுற்றுவட்டாரத்தில் அமிர்தி உயிரியல் பூங்கா, படவேடு கோயில்கள், மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி என்று கிளம்பிவிடுவார்கள். எங்கே போகிறோம் என்பதை பஸ் ஏறும் வரை சொல்லாமல் இருந்து பாருங்கள். கூட்டம் அதிகம் என்பதால், சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

செலவழிக்கக் கொஞ்சம்: மொத்தக் காசையும் வாங்கி வைத்துவிடாமல், ஒரு பங்கை அவர்கள் இஷ்டத்துக்கு விடலாம். பஞ்சு மிட்டாயோ பலூனோ, எது வாங்கினாலும் கேள்வி கேட்கக் கூடாது. மீதியை என்ன செய்யலாம் என்று அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

வாங்கி வைப்பதற்கு முன்...

காணும் பொங்கல் ராத்திரி, களைத்துப்போன பிள்ளை காசை நீட்டும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கு அதில் எடுக்க வேண்டி வந்தால், அதையும் சொல்லிவிட்டே எடுத்து, அந்தப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் "போன வருஷக் காசு எங்கம்மா?" என்று கேள்வி வந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.