விடுதிக்காரரின் கணக்கேடு

நல்ல சமாரியன் உவமையைக் கேளாத கிறிஸ்தவர் இல்லை. குருவும் லேவியரும் விலகிப் போனதையும், அயலினத்தவர் ஒருவர் அருகில் வந்து காயங்களைக் கட்டியதையும் நம் பிள்ளைகளும் பிழையின்றிச் சொல்வார்கள். ஆயினும் அக்கதையில் நாம் கவனியாமல் விட்டுவிடும் ஒருவர் உண்டு. அவர் விடுதிக்காரர். சமாரியர் மறுநாள் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போகிறார்; அடிபட்டவரைத் தேற்றி எழுப்பும் பொறுப்பு விடுதிக்காரருக்கு வந்து சேருகிறது. எரிகோ சாலையில் காயப்பட்டு அவர் வாசலுக்கு வந்தவர் அந்த ஒருவர்தானா? அங்கு வந்தவர் ஒவ்வொருவரும் எவ்விடத்தில், எந்நேரத்தில் அடிபட்டார் என்று அவர் ஓர் ஏட்டில் குறித்து வைத்திருந்தால், அந்த ஏடே ஒருநாள் அச்சாலைக்குக் காவல் கேட்டிருக்கும் அல்லவா? நற்செய்தி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் காலத்தில், மருத்துவமனை வாசலில் நின்று அத்தகைய ஏட்டை எழுதிய மருத்துவர்கள் உண்டு. அவர்களுடைய வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் அமைந்த நம் திருவரங்குளமும், சுற்றியுள்ள சிற்றூர்களும் உழவை நம்பி வாழ்பவை. பூச்சிக்கொல்லிப் புட்டி ஒன்று இறவாணத்திலோ, மாட்டுக்கொட்டகையிலோ இல்லாத உழவர் வீடு அரிது. நம் மக்கள் அதனை நஞ்சு என்று சொல்வதில்லை. 'மருந்து' என்றே சொல்கின்றனர். ஆகவேதான் நம் ஊர்களில் வரும் மிகக் கொடிய செய்தியும் 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்ற சொற்களிலேயே வந்து சேருகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. இத்துயரத்தின் முன் ஒரு மருத்துவர் என்ன செய்ய முடியும்? தம்மிடம் கொண்டுவரப்படுபவரைக் காக்க முயலலாம். அதற்கு மேலும் செய்ய முடியும் என்று காட்டியவர்கள் நமக்கு மிக அருகில், கடலுக்கு அப்பால் இலங்கையில் பணியாற்றினார்கள்.

அவசர மருத்துவம் தனித் துறையாக மலர்ந்தது அண்மைக் காலத்தில்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மோரிஸ் எல்லிஸ் என்பவர் 1952-இல் விபத்துப் பிரிவுக்கென்றே முழுநேர மூத்த மருத்துவராக அமர்ந்தார். அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1970-இல் இத்துறைக்கான முதல் பட்டமேற்பயிற்சி தொடங்கியது. இந்திய மருத்துவக் கழகம் இதனைத் தனித் துறையாக ஏற்றதோ 2009-இல். ஆனால் பெயர் வரும் முன்பே பணி வந்துவிட்டது. நஞ்சுண்டு நள்ளிரவில் வருவோரைப் பொது மருத்துவரும், நரம்பியல் வல்லுநரும், மயக்கவியல் வல்லுநரும் ஏற்றுக்கொண்டனர். அவர்களுள் சிலர் காப்பதோடு நில்லாமல் எழுதவும் கற்பிக்கவும் முற்பட்டனர்.

புனே நகரில் வாடியாவும் அவருடன் பணியாற்றியவர்களும், பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்ட 200 நோயாளிகளைக் கூர்ந்து நோக்கி, அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கும் விதத்தை 1974-இல் வெளியிட்டனர். பேராதனையில் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் 1987-இல் மற்றொன்றைக் கண்டு சொன்னார்கள். முதல் ஆபத்திலிருந்து மீண்டுவிட்டார் என்று கருதப்பட்ட நோயாளி, ஓரிரு நாள் கழித்துத் திடீரென மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கக்கூடும் என்பதே அது. நஞ்சின் இவ்விடைப்பட்ட தாக்கத்தை அவர்கள் பத்து நோயாளிகளின் படுக்கையருகே நின்று கண்டறிந்தார்கள். பிழைத்துவிட்டார் என்று எண்ணி நோயாளியைவிட்டு அகலாதே என்ற பாடத்தை உலகெங்கும் உள்ள மருத்துவ மாணவர் அதன்பின் கற்றனர். யாழ்ப்பாணத்திலோ, வேலியோரம் வளரும் ஒரு செடியின் நச்சு விதையால் பாதிக்கப்பட்ட 170 பேரைப் பற்றிய ஆய்வைச் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 1988-இல் வெளியிட்டனர். அந்த மண்ணை அப்போது போர் சூழ்ந்திருந்தது என்பதை நினைத்தால், அவர்கள் ஏட்டின் அருமை விளங்கும்.

எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஜெயரத்தினம் என்ற மருத்துவப் பேராசிரியர். இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிக்கொல்லி நஞ்சால் மருத்துவமனைகளில் சேர்க்கப்படுகின்றனர், அவர்களில் 1,000 பேர் இறக்கின்றனர், நூற்றுக்கு 73 பேர் தாமே உட்கொண்டவர்கள் என்று அவரும் உடன் ஆய்ந்தோரும் 1982-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் எழுதினர். சிதறிக் கிடந்த துயரங்கள் முதன்முறையாக ஒரே பக்கத்தில் கூடி நின்றன. 1988-இல் கொழும்பில் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை ரவீந்திர பெர்னாண்டோ நிறுவினார். எந்த மூலையில் உள்ள மருத்துவரும் நஞ்சைப் பற்றிக் கேட்டறிய ஓரிடம் உண்டாயிற்று.

1990-களில் பிரித்தானியரான மைக்கேல் எடில்ஸ்டன் இலங்கைக்கு வந்தார். 2004-இல் பேராதனையை மையமாகக் கொண்டு, ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டாசன், நிக் பக்லி போன்றோரும் இலங்கை மருத்துவர்களும் இணைந்த நஞ்சு ஆய்வுக் குழு உருவாயிற்று. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற ஊர்களின் நெரிசல் மிக்க பொது வார்டுகளே அவர்களுடைய ஆய்வுக்கூடங்கள். இளம் மருத்துவர்கள் அங்கேயே பயிற்சி பெற்றனர். வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கையில் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. 4,632 நோயாளிகளிடம் அதனைச் சோதித்தபோது, உயிரிழப்பு குறையவில்லை என்று தெரிந்தது. அதனை 2008-இல் ஒளிக்காமல் வெளியிட்டனர். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் 1990-களிலேயே, புகழ்பெற்ற மாற்றுமருந்து ஒன்றைச் சோதித்து, எதிர்பார்த்த பயனைக் காணவில்லை என்று அறிவித்திருந்தனர். தாம் நம்பியது பொய்த்ததென்று ஊரறியச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். உண்மைக்குப் பணிந்த உள்ளத்திற்கே அது வாய்க்கும்.

அவர்கள் பிழைத்தவர்களிடம் அமர்ந்து பேசவும் செய்தார்கள். கிடைத்த விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பலர் அரைமணி நேரம்கூட எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எந்த நஞ்சு கொடியது என்று தேர்ந்தும் எடுக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள். ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கடன்காரரின் வசைச்சொல் போன்றவற்றால் மூண்ட கணப்பொழுதின் கொந்தளிப்பு அது. அந்தக் கணம் கடந்திருந்தால் வாழ்வு தொடர்ந்திருக்கும். எனவே உயிர்களைப் பறித்தது சாவின்மீது கொண்ட விருப்பத்தைவிட, அக்கணத்தில் அருகிலிருந்த புட்டியின் கொடுமையே என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தனர். சிகிச்சையின் வாசலில் நின்றவர்கள் இப்போது அரசின் வாசலுக்குச் சென்றார்கள்.

இலங்கையில் தற்கொலை விகிதம் 1950-க்கும் 1995-க்கும் இடையில் எட்டு மடங்காகி, இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தை எட்டியிருந்தது. அந்நாட்டின் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகம் மருத்துவமனைக் கணக்குகளுக்குச் செவிசாய்த்தது. 1984-இல் முதல் தடைகள் வந்தன. 1995-இல் மிகக் கொடிய வகையில் எஞ்சியிருந்தவை யாவும் விலக்கப்பட்டன. 1998-இலும், 2008 முதல் 2011 வரையிலும் மேலும் சில நீக்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். ஆய்ந்து பார்த்தபோது அவ்வாறு விழவில்லை. இந்த 93,000 பேரில் ஒருவருக்கும் தாம் காக்கப்பட்டது தெரியாது.  அதற்காக அவர்கள் எவருக்கும் நன்றி கூறவில்லை.

நம் மாநிலத்திலும் முயற்சிகள் உண்டு. சென்னையில் 1986-இல் 'சிநேகா' அமைப்பைத் தோற்றுவித்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உடன் பணியாற்றியோரும், கடலூர் மாவட்டச் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவான பூட்டிய அறையில் வைக்கும் திட்டத்தைச் சோதித்து, நம்பிக்கையூட்டும் முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வோ, அதனால் பயன் விளையவில்லை என்று 2017-இல் அறிவித்தது. வீட்டுக்குள் இருக்கும் பூட்டின் சாவியும் வீட்டுக்குள்தானே இருக்கிறது!

மருத்துவர்கள் படுக்கையருகே கண்ட உண்மைக்கும் நம் திருச்சபை நடந்து வந்த பாதைக்கும் ஓர் உறவு உண்டு. தெரிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மறுத்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. கடும் மனக்கலக்கமும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. உயிரின் மேன்மையைத் திருச்சபை குறைத்துவிடவில்லை. துயருற்றோரின் உள்ளத்தை நெருங்கிக் கண்டது. நாட்டின் சட்டமும் அவ்வாறே நகர்ந்தது. உயிர்மாய்க்க முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. எனவே காவல்துறைக்கு அஞ்சியோ, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியோ ஒருவரை வீட்டிலேயே மறைத்து வைப்பதற்கு இனிக் காரணம் இல்லை.

அன்புக்குரிய இறைமக்களே, இவ்வரலாறு நம்மிடம் சில எளிய செயல்களைக் கேட்கிறது. பூச்சிக்கொல்லியை வீட்டில் சேர்த்து வைக்காமல் தேவைக்கு மட்டும் வாங்குவோம். ஆபத்து நேர்ந்தால், சாணத்தையும் உப்புநீரையும் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைத்துப் பொழுதைக் கழியாமல், 108 ஊர்தியை அழைப்போம். புட்டியையும் உடன் எடுத்துச் செல்வோம். மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கு 104, 14416 ஆகிய எண்கள் உண்டென்று நம் அன்பியக் கூட்டங்களில் சொல்வோம். பிழைத்து வீடு திரும்பியவரை விசாரணை செய்யாமல், அவருடன் அமர்ந்து உண்போம். மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளிடமும் ஒன்று சொல்லலாம்: வாசலில் வருபவரைக் காப்பது முதற்கடமை, அவர் ஏன் வந்தார் என்று எழுதி வைப்பதும், எழுதியதை இளையோருக்குக் கற்பிப்பதும், ஆள்வோரிடம் எடுத்துச் சொல்வதும் அக்கடமையின் மீதிப் பகுதி. சமாரியர் ஓர் உயிரைக் காத்தார். கணக்கேடு எழுதிய விடுதிக்காரர்கள் ஒரு சாலையையே காத்திருக்கிறார்கள்.