ஒரே சேஸிஸ், இரு பயணங்கள்: அமெரிக்கச் சவ ஊர்திகளும் ஆம்புலன்ஸ்களும்

1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதியை, ஈமச்சடங்குத் தொழில் செய்யும் 12,000 பேர் நடத்திவருவதாக அது பதிவு செய்தது. ஆளைப் படுக்கவைத்து ஏற்றக்கூடிய வண்டி அவர்களிடம் இருந்ததே இதற்கு முக்கியக் காரணம் என்றும் அது கூறியது. இறந்தவரைச் சுமந்த வண்டியே உயிருக்குப் போராடுபவரையும் சுமந்தது. இந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று, ஏன் முறிந்தது என்பதற்கான விடையில் பெரும்பகுதி அவ்வண்டிகளின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்திலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குதிரை வண்டியிலிருந்து மோட்டாருக்கு

மோட்டாருக்கு முதலில் மாறியது ஆம்புலன்ஸ்தான். 1899இல் சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனை மின்சார ஆம்புலன்ஸ் ஒன்றைப் பெற்றது. 1901இல் பஃபலோ நகரில் சுடப்பட்ட குடியரசுத் தலைவர் மெக்கின்லியும் மின்சார ஆம்புலன்ஸில்தான் கொண்டுசெல்லப்பட்டார். சவ ஊர்தியில் இந்த மாற்றம் தாமதமாகவே வந்தது. இறுதி ஊர்வலத்தின் மெதுநடைக்கு இரைச்சலிடும் எந்திரம் பொருந்தாது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 1909இல் சிகாகோவில், குதிரை வண்டியின் பாடியைப் பஸ் சேஸிஸ் ஒன்றின் மேல் பொருத்தி மோட்டார் இறுதி ஊர்வலம் நடத்தப்பட்டது. அதே ஆண்டில் சின்சினாட்டியின் கிரேன் அண்டு பிரீட் நிறுவனம் மோட்டார் சவ ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் மீட்டியர், சேயர்ஸ் அண்டு ஸ்கோவில் போன்ற நிறுவனங்கள் கான்டினென்டல் எஞ்சினை வாங்கி, அச்சு, கியர்பெட்டி முதலியவற்றையும் சேர்த்துத் தாங்களே சேஸிஸ் அமைத்தன. ஆனால் 1930களில், ஆயிரக்கணக்கில் கார் செய்யும் ஆலைகளின் தரத்துக்கும் விலைக்கும் இச்சிறு நிறுவனங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. சேஸிஸைப் பெரிய கார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, பாடி கட்டுவதோடு அவை நின்றுகொண்டன. காடிலாக், பக்கார்டு, பியூக் கார்கள் இத்தொழிலுக்குள் வந்தது இவ்வழியில்தான்.

நீட்டிய சேஸிஸ்

காரை நீட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விற்பனைக்கு வந்த காரையே நடுவில் அறுத்து, இடையில் எஃகுத் துண்டு வைத்து வெல்டிங் செய்வது. இதில் சட்டத்தின் நீளத்தோடு வேலை முடிவதில்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு, பிரேக் குழாய், புகைக்குழாய், கைபிரேக் கம்பி என அனைத்தையும் நீட்ட வேண்டும். ஒட்டிய இடம் பாரத்தில் வளையாமலிருக்க வலுத்தகடும் வைக்க வேண்டும்.

மற்றொன்று, பாடி கட்டுவோருக்காகவே கார் ஆலை தனியாகத் தயாரித்த சேஸிஸ். இதில் காடிலாக் முன்னணியில் இருந்தது. 1959ஆம் ஆண்டின் சாதாரண காடிலாக்கில் முன்பின் அச்சுகளின் இடைவெளி 130 அங்குலம். தனிச் சேஸிஸில் அது 156 அங்குலம், அதாவது 13 அடி. சட்டம் கனமானது, பிரேக்கும் ஸ்பிரிங்கும் கூடுதல் பாரத்துக்கு ஏற்றவை. சட்டத்தின் பின்பகுதி தாழ்வாக இருந்ததே இவற்றினும் முக்கியம். சவப்பெட்டியைத் தூக்குவோர் தோளுயரத்துக்கு ஏற்றத் தேவையின்றி, ஏறக்குறைய நேராகத் தள்ளிவிடத் தாழ்ந்த தளம் உதவியது. ஸ்ட்ரெச்சருக்கும் அதே வசதி கிடைத்தது.

ஆலையிலிருந்து பாடி கட்டும் பட்டறைக்கு வந்தது பாதிக் கார். பானெட், முன்பக்க மட்கார்டு, முன்கண்ணாடிப் பகுதி, டேஷ்போர்டு ஆகியவை அதில் இருந்தன; ஓட்டுநருக்குப் பின்னால் வெறும் சட்டம். கூரை, பக்கச் சுவர், நீண்ட கதவு, பின்கதவு, தளம் யாவும் பட்டறையின் கைவேலை. 1930களின் பிற்பகுதி வரை மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தினார்கள்; பிறகு முழு எஃகுப் பாடி வழக்கமாயிற்று.

பாடி கட்டிய ஊர்கள்

இத்தொழில் பெருநகரங்களைக் காட்டிலும் ஒஹையோ, இல்லினாய் மாநிலங்களின் சிற்றூர்களில் வேரூன்றியது. மீட்டியர் பிக்வாவில், மில்லர் பெல்பவுன்டனில், சுப்பீரியர் லைமாவில், ஃபிளெக்சிபிள் லவுடன்வில்லில், ஹென்னி ஃப்ரீபோர்ட்டில், யூரேகா ராக் ஃபால்ஸில் இருந்தன. அவற்றுள் சில குதிரை வண்டிக் காலத்திலிருந்தே இயங்கியவை. தச்சும் மெத்தை வேலையும் தகட்டு வேலையும் தெரிந்த கைகள் அவ்வூர்களில் இருந்தன.

ஒரு நிறுவனம் எந்த சேஸிஸை நம்பியதோ, அதன் விதியும் அதனோடு கட்டுண்டது. பக்கார்டையே சார்ந்திருந்த ஹென்னி 1954இல் சவ ஊர்தித் தயாரிப்பை நிறுத்தியது. 1956இல் மில்லரும் மீட்டியரும் ஒரே நிறுவனமாயின. இந்த மில்லர்-மீட்டியர் கட்டிய 1959ஆம் ஆண்டு காடிலாக் வண்டியே 1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் உலகம் கண்ட வாகனம்.

ஒரே வண்டி, இரு வேலை

சிறிய ஊரின் ஈமச்சடங்கு நிலையத்தால் இரண்டு விலையுயர்ந்த வண்டிகள் வைத்திருக்க முடியாது. அதற்காகவே இரட்டைப் பயன் வண்டி வந்தது. சவப்பெட்டியை உருட்டிச் செல்லும் உருளைகளைத் தளத்துக்குள் திருப்பி மறைக்கலாம். மடக்கி வைத்த உதவியாளர் இருக்கையை விரிக்கலாம். கூரையில் சிவப்பு விளக்கைப் பொருத்தலாம். ஜன்னலில் ‘ஆம்புலன்ஸ்’ பலகையை மாட்டலாம். காலையில் ஊர்வலம் போன வண்டி மாலையில் நோயாளியை ஏற்றியது.

இதைப் பேராசை என்று ஒதுக்குவது நியாயமல்ல. வேறு எவரும் முன்வராத ஊர்களில் இரவு பகலாக அழைப்புக்கு ஓடியவர்கள் இவர்கள். ஆனால் அக்கால ஆம்புலன்ஸின் வேலை வேகமாகக் கொண்டுசேர்ப்பதாகவே கருதப்பட்டது. வழியிலேயே சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றிராதவரை, படுத்த உடலுக்குப் போதுமான நீளம் இருந்தால் போதும் என்று தோன்றியது.

கூரையின் உயரம்

நீளம் இருந்தால் போதும் என்ற எண்ணம் 1960 வாக்கில் மாறத் தொடங்கியது. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டும் முறையின் பயனை மருத்துவர் பீட்டர் சஃபார் உள்ளிட்டோர் நிறுவினர். 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை வெளியிட்டனர். 1967இல் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அங்கு கறுப்பின இளைஞர்கள் சஃபாரின் வழிகாட்டலில் தேர்ந்த உயிர்காப்பாளர்களாயினர்.

மார்பை அழுத்துபவர் நோயாளியின் மேல் கைகளை நேராக ஊன்றிக் குனிய வேண்டும். தலைமாட்டில் ஒருவர் மூச்சுப்பாதையைக் கவனிக்க வேண்டும். நீண்ட, தாழ்ந்த கார் பாடியில் இரண்டுக்கும் இடமில்லை. பட்டறைகள் கூரையை உயர்த்திப் பார்த்தன. ஆனால் அகலமும் பாரம் தாங்கும் திறனும் கார் சேஸிஸின் எல்லைக்குள்ளேயே நின்றன. 1973இல் அவசர மருத்துவச் சேவைச் சட்டம் நிறைவேறியது. 1974இல் வந்த கூட்டாட்சி அரசின் ஆம்புலன்ஸ் விவரக்குறிப்பு மூன்று வகைகளை வரையறுத்தது: டிரக் சேஸிஸின் மேல் பெட்டி, கூரை உயர்த்திய வேன், வேனின் முன்பகுதியோடு இணைந்த பெட்டி. கார் சேஸிஸுக்கு அதில் இடமில்லை. 1977இல் காடிலாக் தன் தனிச் சேஸிஸை 157.5 அங்குலத்திலிருந்து 144.3 அங்குலமாகக் குறைத்தது. அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கார் ஆம்புலன்ஸ் தயாரிப்பு ஓய்ந்தது. சவ ஊர்தி மட்டும் கார் வடிவத்திலேயே தொடர்ந்தது.

முடிவுரை

சேஸிஸை நீட்டியவர்களின் கைத்திறனில் குறையில்லை. அவர்களுக்கு வைக்கப்பட்ட கேள்வி வேறாக இருந்தது. படுத்திருப்பவரை மதிப்போடு, அதிராமல் கொண்டுசெல்வது எப்படி என்ற கேள்விக்கு 13 அடி இடைவெளியும் தாழ்ந்த தளமும் சிறந்த விடைகள். அருகில் ஒருவர் இருந்து அவரைக் காப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, அளவிட வேண்டியது நோயாளியின் உடலை மட்டுமல்ல, காப்பவரின் உடலையும்தான் என்று தெரிந்தது. ஆகவே ஆம்புலன்ஸின் வரலாற்றை மருத்துவமனை ஆவணங்களிலிருந்து மட்டும் எழுதினால் அது அரைகுறையாகவே நிற்கும். லைமா, பிக்வா போன்ற ஊர்களின் பட்டறை வரைபடங்களையும் மருத்துவ வரலாற்றின் மூல ஆவணங்களாக ஏற்றுப் பாதுகாக்க வேண்டும்.