இரும்பு உள்ளே, வெள்ளி மேலே: உலோகம் ஏற்றிய டைட்டானியாவின் இரு வழிகள்

டைட்டானியாவில் (டைட்டானியம் டை ஆக்சைடு என்ற ஒளிவினையூக்கியில்) உலோகம் சேர்த்தால் கரிமக் கழிவுகளைச் சிதைக்கும் திறன் கூடும் என்று எழுதும் ஆய்வேடுகள் பெரும்பாலும் சோய், டெர்மின், ஹாஃப்மன் மூவரின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையில் போய் நிற்கின்றன. 21 உலோக அயனிகளை ஒரே முறையில் மாசூட்டி, அதாவது படிகத்துக்குள் சிறிதளவு நுழைத்து, அளந்த பெரும்பணி அது. உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. அதிலிருந்து பின்னவர்கள் எடுத்துக்கொண்ட முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கட்டுரையில் முதலிடம் இரும்புக்கு. குளோரோஃபார்ம் ஆக்சிஜனேற்றத்தில் 15 மடங்கு, கார்பன் டெட்ராகுளோரைடு ஒடுக்கத்தில் 18 மடங்கு. எதைவிட 15 மடங்கு? இரும்பு சேர்க்காத, அதே 2 முதல் 4 நானோமீட்டர் அளவுத் துகளைவிட. அத்தனை சிறிய துகளில் ஒளி பட்டதும் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் மேற்பரப்பை ஒட்டியே பிறந்து, வேலை செய்யுமுன் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. அடித்தளமே தாழ்ந்திருக்கும்போது மடங்கு பெரிதாகத்தான் தெரியும். 1998இல் ஜாங், யிங் குழுவினர் காட்டியதும் இதற்கு அணுக்கமானது: துகள் பெரிதாகப் பெரிதாக, தேவைப்படும் இரும்பின் உகந்த அளவு குறைகிறது. அப்படியானால் இரும்பு செய்தது பொதுவான மேம்பாடு அல்ல, சிறு துகளின் நோய்க்கு மருந்து. ஒரு கட்டுரையை வைத்து இதை முற்றாக நிறுவிவிட முடியாதுதான். ஆனாலும் சோய் முதலிய மூவரே அயனியின் செறிவு, பரவல், ஆற்றல் மட்டம், ஒளிச்செறிவு என நிபந்தனைகளை அடுக்கியிருக்க, பின்வந்தோர் மடங்குக் கணக்கை மட்டும் கையில் எடுத்துக்கொண்டது எப்படி?

(நம் தென்கரை இல்மனைட் மணலில் இரும்பும் டைட்டானியமும் பிறவியிலேயே சேர்ந்தவை. வெள்ளை நிறமி வேண்டுமென்று ஆலைகள் அமிலம் செலவழித்து இரும்பைக் கழிக்கின்றன. ஆய்வகம் அதையே அரை விழுக்காட்டுக்குள் திரும்ப நுழைக்கிறது.)

குரோமியத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1982இல் கிராட்செலின் லோசான் குழு, குரோமியம் மாசூட்டிய துகளால் கண்ணுறு ஒளியிலேயே நீரைப் பிளந்ததாக அறிவித்தது. 1984இல் லியோனின் ஹெர்மான், டிஸ்டியே, பிஷா மூவரும் அதே உலோகம் வினையூக்கியைக் கெடுக்கிறது என்றார்கள். வினைகள் வேறு, தயாரிப்பு வேறு. ஆகவே யார் சரி என்பதை இப்படியே தீர்க்க இயலாது. படிகத்தின் உள்ளே நுழையும் உலோகம் உதவுமா கெடுக்குமா என்பது அதன் பெயரைக் கொண்டு தெரியாது என்பதற்கு மட்டும் இந்த முரண் போதும்.

மற்ற வழி, உலோகத்தை மேற்பரப்பில் படிவிப்பது. 1978இல் கிராய்ட்லரும் பார்டும் பிளாட்டினம் படிந்த டைட்டானியாவில் அசெட்டிக் அமிலத்தை மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரித்தனர். மாசகற்றும் நோக்கம் அதில் இல்லை. எனவே இவ்வழியின் தொடக்கத்தை 1978 என்பதா, பிந்தி வைப்பதா என்பது வழக்காகவே இருக்கட்டும். தமிழகத்தில் நான் எடுத்துக்கொள்ளும் இரு பணிகளும் இந்த வழியைச் சேர்ந்தவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சக்திவேல், முருகேசன் முதலியோர் 2004இல் பிளாட்டினம், பொன், பல்லேடியம் படிவித்துத் தோல் சாயமான ஆசிட் கிரீன் 16ஐச் சிதைத்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சோபனா, முருகானந்தம், சுவாமிநாதன் 2006இல் வெள்ளித்துகள் ஏற்றி நேரடி அசோ சாயங்களைச் சிதைத்தனர்.

பிந்தைய கட்டுரையின் தலைப்பு வெள்ளியையும் மாசூட்டல் என்றே சொல்கிறது. அதை இரும்பின் வரிசையில் வைப்பது பொருந்தாது. டைட்டானியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 60 பிக்கோமீட்டர், இரும்பினது 65, வெள்ளியினது 115. இரும்பு அந்த இடத்தில் அமரும். வெள்ளிக்கு இடம் கொள்ளாது, வெளியில்தான் ஒட்டும். வெண்குழம்பில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் புற ஊதா விளக்கின் கீழ் கலக்கினால், பால்வெண்மை மங்கிச் சாம்பலும் பழுப்புமாக மாறுவது கண்முன்னே தெரியும். அந்தத் துகள்கள் எலக்ட்ரானை வாங்கித் துளையைத் தனியே விடுகின்றன. அளவு மிஞ்சினால் அவையே ஒளியை மறைக்கும்.

சாயத்தை வைத்து அளப்பதிலும் ஒரு தடை உண்டு. மெத்திலீன் நீலம் தானே கண்ணுறு ஒளியை உறிஞ்சுவதால் கண்ணுறு ஒளிச் சோதனைக்கு ஏற்றதல்ல என்று 2006இல் ஒதானியின் குழு எச்சரித்தது. புற ஊதா விளக்கில் செய்தவற்றை இது அவ்வளவாகத் தொடாது.

ஆய்வகத்தை விட்டு, சுத்திகரிக்க வேண்டிய தாமிரபரணி ஆற்றுக்கு வருவோம். முக்கூடல் துறையில் மொண்ட நீர் காய்ச்சி வடித்த நீரல்ல. அதிலுள்ள பைகார்பனேட், கழிவைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பை விழுங்கும். கரையூர்க் கழிவுநீரின் சல்பைடு வெள்ளியைக் கறுக்கவைத்துச் செயலிழக்கச் செய்யும். வெள்ளிக்காக நான் வாதாடினாலும் இது என் கட்சிக்கு எதிரான சான்று. இரும்பா வெள்ளியா என்பதை இந்த ஆற்றுநீரிலேயே, டெகுசா பி-25 என்று அறியப்பட்ட வணிக டைட்டானியாவை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நிறத்தை விட்டு மொத்தக் கரிமக் கார்பனை அளந்து பார்க்க வேண்டும்.